அண்டா வெளியே, கம்ப்யூட்டர் உள்ளே

என் மகள் ஷீபா பதினோரு நாள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். கஞ்சி கொண்டு வைத்தால் ஆடை படிந்து அப்படியே இருக்கும். பிளஸ் டூவில் எங்கள் சபையிலேயே அதிக மார்க் வாங்கிய பிள்ளை அவள். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் வேலைக்குப் போகச் சோற்றுப் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, நானும் அண்டி ஆபீஸுக்கு வாறேன். ஆளு வேணுமான்னு கேளு."

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. வெளியூரில் இருந்து வாசிக்கிற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஸ்டெல்லா பாய். திருவட்டாறுக்கு மேற்கே ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவள். கல்யாணம் கழிந்த மறு வருஷத்திலிருந்து அண்டி ஆபீஸில் கொட்டை உடைக்கிறேன். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரலெல்லாம் கறுத்துப் போனது. ரேகை தேய்ந்தே போனது. ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாலும் அது என்னை யாரென்று ஒத்துக்கொள்ளாது. அந்தக் கை என் மகளுக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் உடைத்தேன். அவளே வந்து அப்படிக் கேட்டதும் எனக்கு உயிர் போய் வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு விண்ணப்பம். அரசு நர்சிங் படிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவர் கையில் இருப்பது பட்டன் போன். டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நானும் ஷீபாவும் போனோம். உள்ளே ஒரே கூட்டம். ஷீபா சொல்லச் சொல்ல அங்கே இருந்தவர் வேகவேகமாக அடித்தார். கரண்ட் போய் வந்தது. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் ஒரு தாளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, "முடிஞ்சு அக்கா, போங்க" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையும் சரியாகப் பார்க்கவில்லை, எனக்கோ பார்க்கவே தெரியாது.

அந்தத் தாளை நான் என்ன செய்தேன் தெரியுமா? வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை எழுதிப் போட்டேன். "மகள் ஷீபாவின் நர்சிங் விண்ணப்பம் நல்லபடியாக முடிந்ததற்காக" என்று போதகர் வாசித்தார். சபை முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. நான் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. ஷீபாவின் பெயர் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு திரும்ப டவுனுக்கு ஓடினோம். அவர் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, இது சேவ் ஆயிருக்கு. சப்மிட் ஆகல. இன்னா, மேல டிராஃப்ட்டுன்னு இருக்கு பாருங்க."

ஒரு பட்டனை அமுக்காமல் விட்டிருக்கிறார்கள். போய்ச் சேராத விண்ணப்பத்துக்கு நான் தேவ சமுகத்தில் நன்றி செலுத்தியிருக்கிறேன். ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று. "ஸ்டெல்லாவுக்கு எல்லாம் முன்கூட்டியே ஸ்தோத்திரம்" என்று பைப்படியில் ஒருத்தி சொல்லிச் சிரித்தது என் காதிலேயே விழுந்தது. எனக்கு அது கூடப் பெரிதில்லை. பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிற்று. அவள் சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

ஷீபா அப்படிக் கேட்ட அன்று, அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், அண்டி ஆபீஸில் கொட்டையை உடைக்கிற ஒவ்வொரு அடிக்கும் நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஆமாம், சண்டைதான். சிலர் உருகி ஜெபிப்பார்கள், எனக்கு அது வராது. முதலில் அந்த பிரவுசிங் சென்டர்க்காரரைக் குற்றம் சொன்னேன். பிறகு ஆண்டவரையே கேட்டேன். "நான் ஸ்தோத்திரம் சொன்னப்போ உமக்குத் தெரியுந்தானே? ஏன் சும்மா இருந்தீர்?" என்று. சாயங்காலம் வரை கேட்டேன். கடைசியில் என் மனசில் வந்தது வேறு ஒன்று. அந்தத் தாளின் மேலே இங்கிலீஷில் எழுதியிருந்த ஒரு வார்த்தை அத்தனை நாளும் என் வேதப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. சரி, எனக்குத் தெரியாதது என் தப்பு. ஊரில் யாருக்குமே தெரியாதது யார் தப்பு?

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் ஆலய வளாகத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வர வேண்டும். எல்லா மதத்துப் பிள்ளைகளும், எல்லா அம்மாமாரும் வந்து படிக்க வேண்டும். இனி எங்கள் ஊரில் இருந்து ஒரு விண்ணப்பமும் பாதி வழியில் நிற்கக் கூடாது. "இதை நீர் செய்யும், நான் விடமாட்டேன்" என்று ஆண்டவரிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருத்தியின் விதவைப் பென்ஷன் எட்டு மாதமாக எங்கேயோ நின்றிருக்கிறது. இன்னொருத்தியின் மகனுக்குப் பரீட்சை ஹால் டிக்கெட் வந்தும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதினோம்.

இடம் என்றால் ஒரே இடம்தான் உண்டு. ஆலயத்துக்குப் பின்னால் நல்ல ஓட்டு அறை ஒன்று. இரண்டு ஜன்னல், ஒரு ஃபேன், பூட்டுப் போட்ட கதவு. அதற்குள் இருப்பது அசனப் பாத்திரங்கள். வருஷத்துக்கு ஒரு முறை சபையார் எல்லாரும் ஒன்றாய்ப் பொங்கி ஒன்றாய்ச் சாப்பிடுகிற விருந்துதான் அசனம். அதற்கான அண்டாக்கள், சட்டுவங்கள், குழம்பு வாளிகள், அவற்றுக்கெல்லாம் ராஜா மாதிரி நடுவில் ஒரு வார்ப்பு. வார்ப்பு என்பது நான்கு பேர் பிடித்தால்தான் அசைகிற பெரிய வெண்கல உருளி. முன்னோர்கள் சபைக்கு எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊரில் அந்த வார்ப்பைத் தொட்டுப் பேசுவது ஊர் மானத்தைத் தொட்டுப் பேசுகிற மாதிரி.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. செயலாளர் ஞானதாஸ் சார் ரிட்டயர்டு வாத்தியார். எனக்குத் தூரத்து முறையில் மாமா. மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அசன அறையா? அப்போ இனி கம்ப்யூட்டருலயா ஸ்டெல்லா சோறு பொங்குவிய?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"மாமா, அசனம் வருஷத்துக்கு ஒரு நாளு. மிச்ச நாளெல்லாம் அண்டாவுக்கு ஒரு ரூமு, ஒரு ஃபேனு, ரெண்டு ஜன்னலு. நம்ம பிள்ளைகளுக்கு என்ன உண்டு? அண்டா என்ன பரீட்சைக்கா படிக்குது?"

"வாய் நீளுது கேட்டியா. பிள்ளைகள் இண்டர்நெட்டுல சீத்த அசிங்கப் படம் பாக்கும். அதுக்கு யாரு சமாதானம் சொல்லியது?"

"அவனவன் போனுல பாக்கியதுக்கு இப்போ யாரு சமாதானம் சொல்லியது மாமா? இஞ்ச வந்தா நான் பின்னால நிப்பேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி. பாத்திரத்துக்கு எல்லாம் பத்திரமா ஒரு எடம் கண்டுபிடி. அசனத்தன்னைக்கு ஒரு சட்டுவம் குறையப்படாது. அப்போ அறை உனக்கு. ஸ்தோத்திரம் மட்டும் முன்கூட்டியே சொல்லிராத."

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்தது. ஆனால் போதகர் ஐயா நல்ல மனுஷன். "சார், நீங்க சொன்னதை அப்படியே தீர்மானப் புத்தகத்துல எழுதிருங்க" என்றார். எழுதினார்கள். அவர் கோபத்தில் சொன்னதைக் கர்த்தர் எழுத்தில் வாங்கி வைத்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை அந்த அறைக்குள்ளேயே உபவாசமாய் ஜெபித்தோம். நானும் இரண்டு சகோதரிகளும். சும்மா இருந்து ஜெபிக்க எனக்கு முடியாது, அதனால் புளியும் சாம்பலும் கொண்டுபோய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜெபித்தோம். "ஆண்டவரே, இவ்வளவு பாத்திரத்துக்கும் ஒரு எடம் தாரும்." போதகர் வீட்டுக் கார் ஷெட்டைக் கேட்டோம், ஒழுகுகிறது என்றார்கள். ஒரு விசுவாசி ரப்பர் ஷீட் போடுகிற கொட்டகையைத் தருகிறேன் என்று சொல்லி, மறுநாள் மாட்டேன் என்றார். புதிதாக ஷெட் போட யாரும் முன்வரவில்லை. ஐந்து சனி போயிற்று. வீட்டில் ஷீபா ஒரு நாள் கேட்டாள். "எனக்காகவா அம்மா இவ்வளவும்? எனக்கு ஒண்ணும் வேண்டாம். கம்ப்யூட்டரைப் பாத்தாலே அந்த டிராஃப்ட்டுதான் கண்ணுல வருது." நான் புளியை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அன்று வழியெல்லாம் அழுதேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அது ஆறாவது சனி. கதவருகில் நிழல் தட்டியது. பார்த்தால் ரோசம்மா அக்கா. செயலாளர் ஞானதாஸ் சாரின் மனைவி. முறைக்கு எனக்கு மாமி என்றாலும் சபைப் பெண்கள் எல்லாருக்கும் அவர்கள் அக்காதான். எங்களைத் திட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா முழங்கால் போட்டு எங்களோடு ஜெபித்தார்கள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு கேட்டார்கள்.

"ஏட்டி ஸ்டெல்லா, எல்லாத்துக்கும் சேத்து ஒரு எடம் எதுக்கு? ஊருல உள்ள கோழியெல்லாம் ஒரே கூட்டிலயா கெடக்கு?"

எனக்குப் புரியவில்லை. அக்கா ஒரு அண்டாவைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். "இது எனக்க அடுக்களையில கெடக்கும். அசனத்தன்னைக்குத் தேய்ச்சு கொண்டு வருவேன். நீ ஒண்ணு எடு. அவ ஒண்ணு எடுக்கட்டு."

ஆறு வாரம் ஒரு பெரிய இடம் கேட்டேன். ஆண்டவர் எங்கள் சபையின் நாற்பத்துமூன்று வீட்டிலும் சின்னச் சின்ன இடம் வைத்துக்கொண்டு நான் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொன்றாய்த் தூக்கினோம். தலையில் அண்டா, இடுப்பில் வாளி, கையில் சட்டுவம். எல்லாருக்கும் முன்னால் ரோசம்மா அக்கா. ஞானதாஸ் சார் ஆலயப் படியில் குடையோடு நின்று பார்த்தார்.

"ரோசம்மா, நீ எங்க போற?"

"வீட்டுக்கு. நீங்களும் வாங்க, வாளி ஒண்ணு மிச்சம் கெடக்கு."

அவர் வாளியை எடுக்கவில்லை. ஆனால் குடையை மடக்கிவிட்டுப் பின்னால் நடந்தார்.

வார்ப்பு மட்டும் மிஞ்சியது. எந்த வீட்டு வாசலிலும் அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், திருப்பிப் பார்த்தோம். அப்போது எதிரே மரக்கடை வைத்திருக்கிற செல்லத்துரை அண்ணன் வந்தார். அவர் அய்யாவழிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தலைப்பாகை கட்டி, அவர்கள் கும்பிடுகிற இடமான நிழல் தாங்கலுக்குப் போய்விட்டு வருகிற நேரம். "எனக்க மரக் கொட்டகையில வையுங்கோ. கதவே இல்லாத எடம், எப்படியும் நுழையும். சின்னதிலேருந்து உங்க அசனச் சோறு நானும் தின்னுட்டுத்தானே இருக்கேன்" என்றார். அவருடைய ஆட்களே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் சபைக்குள் கிடைக்காத உதவியை வெளியே இருந்த மனுஷன் மூலம் ஆண்டவர் கொடுத்ததை நான் எங்கே போனாலும் சொல்லுவேன்.

அறை கிடைத்தது. அஞ்சுகிராமம் பக்கம் ஒரு கல்லூரியில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றுகிறார்கள் என்று போதகர் ஐயாவுக்குத் தெரிந்து, ஆறு பெட்டிகள் வந்தன. இரண்டுக்கு உயிர் வரவில்லை. நான்கு போதும் என்று திறப்பு நாள் குறித்தோம். டவுனில் இருந்து ஒரு சார் வந்து சொல்லித் தருவதாக ஏற்பாடு.

திறப்பு நாள் சனிக்கிழமை. அறை நிறைய பெண்களும் பிள்ளைகளும். போதகர் ஜெபித்துத் திறந்தார். சார் வரவில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. போன் பண்ணினால் வேறு வேலை கிடைத்துவிட்டதாம். ஞானதாஸ் சார் கடைசி பெஞ்சில் இருந்து தொண்டையைச் செருமினார். "ஆண்டவரே, இவ்வளவு தூரம் கொண்டு வந்து எல்லார் முன்னாலயும் என்னைக் கேவலப்படுத்தாதேயும்" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன்.

ஷீபா வாசலில் நின்றாள். சாயா டம்ளர்களைச் சுமக்க ஆள் வேண்டும் என்று நான் வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தேன், உள்ளே வரமாட்டேன் என்ற நிபந்தனையோடு. முன்னால் இருந்த விதவைப் பென்ஷன்கார அக்கா கறுத்துக் கிடந்த திரையைத் தட்டிப் பார்த்து, "மக்களே, இத எப்படித் தொறக்கியது?" என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டார்கள். ஷீபா டம்ளர் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே வந்தாள். குனிந்து சுவிட்சைப் போட்டாள்.

"இதுல கை வையுங்க அத்தே. பயப்படாதீங்க, கடிக்காது. இதுக்குப் பேரு மவுஸ்."

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் படித்தவள் அவள். அன்று மத்தியானம் வரை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் கேட்ட அற்புதம் அதுதான், சகோதரிகளே. கம்ப்யூட்டர் அல்ல.

அந்த வருஷம் முழுவதும் அவளே டீச்சர். நானும் அண்டி ஆபீஸ் விட்டு வந்து அவள் முன்னால் மாணவியாக உட்கார்ந்தேன். திட்டு வாங்கினேன். எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தேன். முதலில் படித்த வார்த்தை டிராஃப்ட், அடுத்தது சப்மிட். மற்ற வார்த்தைகள் பிறகு வந்தன.

அசனம் வந்தது. காலையிலேயே எல்லா வீட்டில் இருந்தும் பாத்திரங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கியது. ஒரு வீட்டு அண்டாவில் மட்டும் கோழி அடை வைத்திருந்ததால் குஞ்சு பொரித்த பிறகுதான் கழுவ முடிந்தது என்று அந்த வீட்டார் மன்னிப்புக் கேட்டார்கள். வார்ப்பைச் செல்லத்துரை அண்ணனே கொண்டு இறக்கிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். ஞானதாஸ் சார் பழைய பட்டியலை வைத்து ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தார். ஒரு சட்டுவம் கூடக் குறையவில்லை. ஒன்று கூடுதலாக இருந்தது, ரோசம்மா அக்கா புதிதாக வாங்கிப் போட்டது.

அடுத்த வாரம் ஞானதாஸ் சார் சென்டர் வாசலில் வந்து நின்றார். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகக் காட்டுகிற சான்றிதழை ஆன்லைனில் கொடுக்க வேண்டுமாம். "வாங்க மாமா, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. பெஞ்சு அங்க" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு அது போதும்.

மறுபடி நர்சிங் விண்ணப்ப நாள் வந்தது. ஷீபாவோடு இன்னும் மூன்று பிள்ளைகள். ஷீபா தன்னுடையதை அடித்து முடித்தாள். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நீ அமுக்கு."

மவுஸின் மேல் என் விரலை வைத்தேன். கறுத்த விரல், ரேகை இல்லாத விரல். எந்த மெஷினும் ஒத்துக்கொள்ளாத விரல். இந்த மெஷின் ரேகை கேட்கவில்லை. "இயேசப்பா" என்று சொல்லி அமுக்கினேன். திரை மாறியது. சப்மிட்டட் என்று வந்தது. நானே வாசித்தேன், இரண்டு முறை. பின்னால் நின்ற பெண்கள் கை தட்டினார்கள்.

அந்த ஞாயிறு மறுபடியும் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். சீட்டு வந்த பிறகு போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போன தடவை ஸ்தோத்திரம் சொன்னதில் தப்பில்லை, வாசிக்காமல் சொன்னதில்தான் தப்பு என்றேன். போதகர் பெயரை வாசித்தபோது எழுந்து நின்று அந்தத் தாளை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

சீட்டு கிடைத்தது. ஷீபா இப்போது ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அவள் போன பிறகு சென்டர் நின்றுவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. நிற்கவில்லை. சனியும் ஞாயிறு சாயங்காலமும் நான்தான் திறக்கிறேன். கொட்டை உடைக்கிற கையால்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் எந்த விண்ணப்பம் போனாலும் கடைசிப் பக்கத்தை நான் வாசித்த பிறகுதான் போகும். இந்தக் கிருபைக்காக என் ஆண்டவருக்கு உயிருள்ளவரை நன்றி சொல்வேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, உன் பிள்ளையும் சுவரைப் பார்த்துக் கிடக்கிறதா? உன்னையும் பார்த்துச் சிரிக்கிறார்களா? சிரிக்கட்டும். ஆண்டவரிடம் சண்டை போட்டாவது கேள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் சபையிலும் பூட்டிய அறை ஒன்று கட்டாயம் இருக்கும். முழங்காலில் இருந்து எழுந்ததும் நேரே போய் அதன் சாவியைக் கேள். தரமாட்டோம் என்றால் என்னைக் கூப்பிடு. புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.